ரெட்டை டர்போ காரும் கோண்டாவில் ரேடியேற்றர் ஐயாவும்

லண்டன் அத்தான் வாங்கி விட்ட கார் ஒண்டு எங்கட வீட்டில நிக்குது, நிசான் 300 இசட்எக்ஸ், இசட்32 எண்டு சொல்லுற மாடல், அவர் வருசத்தில ஒரு மாசம் வந்து ஓடுவார், மிச்சம் பதினொரு மாசமும் அதைப் பாக்கிறது என்ர தலையெழுத்து. போன வருசம் நல்லூர்த் திருவிழா நேரம் றோட்டெல்லாம் மூடி ஒழுங்கைக்குள்ளால திருப்பி விட்டிருக்க, ஏசியும் போட்டுக்கொண்டு ஊர்ந்ததில பொனற்றுக்குள்ளால ஆவி கிளம்பிச்சுது, கச்சான் வித்துக்கொண்டிருந்த ஆச்சி "தம்பி புட்டே அவிக்கிறாய்" எண்டு கேட்டவ.

அதுக்குப் பிறகு செலவழிச்சதைச் சொன்னா அழுகை வரும். ஒன்லைன்ல எஞ்சின் தண்ணியை ஆத்துற மொத்தமான, தடிச்ச அலுமினியம் ரேடியேற்றர் ஒண்டு, டர்போவை (எஞ்சின் புகையால சுழண்டு காத்தை அமத்தி எஞ்சினுக்குள்ள விடுற சாமான்) சுத்திக் கட்டுற, சூடு தாங்குற பிளாங்கெற் ரெண்டு, ஒரு டிஜிற்றல் மீற்றர். ஒரு கராச்சில, தண்ணியின்ர சூட்டைப் பொறுத்துத் திறக்கிற தேர்மோஸ்ரற்றையே கழட்டி எறிஞ்சு விட்டவங்கள், எங்கட ஊரில எல்லாக் கொதிக்கும் முதல் வைத்தியம் அதுதானே. ஒண்டும் சரிவரேல்லை. ஓடினா சுகம், நிண்டா கொதி, பத்து நிமிசம் நிண்டா மீற்றர் 110ஐத் தாண்டும். ஓடினா சுகம் நிண்டா கொதி எண்டதே நோயின்ர குறி எண்டு எனக்கும் அப்ப விளங்கேல்லை.

பேந்து ஒரு சிநேகிதன் சொல்லித்தான் பலாலி றோட்டில கோண்டாவில் பக்கம் ஒரு உள் ஒழுங்கையில இருக்கிற ரேடியேற்றர் ஒட்டுற கடைக்குக் கொண்டுபோனன். பேர்ப்பலகை இல்லை, ஒரு தகரக் கொட்டில், ஒரு மாமரம், லான்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின் ரெண்டு, அதுக்கு நடுவில இந்தக் கார். ஐயா ஒரு சாமானையும் கழட்டேல்லை. உதயன் பேப்பரில ஒரு தாளைக் கிழிச்சு, எஞ்சின் ஸ்ராட்டில நிக்கேக்க முன் பக்கத்தில ரேடியேற்றருக்கு முன்னால இருக்கிற ஏசி கொண்டென்சரோட சேத்து வைச்சுக் கையை எடுத்தவர், தாள் ஒட்டாமல் பொத்தெண்டு கீழ விழுந்திட்டுது. "காத்து இழுக்கேல்லைத் தம்பி" எண்டார். பிறகு ஊதுபத்தி ஒண்டைக் கொளுத்தி ரேடியேற்றர் ஓரத்தில பிடிச்சார், புகை உள்ளுக்குப் போறதுக்குப் பதிலா பக்கத்து இடைவெளியால திரும்பி முன்னுக்கு வந்து கொண்டென்சருக்க நுழையுது! சூடான காத்தே சுத்திச் சுத்தி வந்துகொண்டிருந்திருக்கு.

காரணம் நாங்கள் வாங்கிப் போட்ட மொத்த ரேடியேற்றர்தான். அது கொள்ளாதெண்டு ஃபானைச் சுத்தி வாற பிளாஸ்ரிக் கூட்டைக் கழட்டி விட்டிட்டினம், கூடு இல்லாட்டி ஃபான் ரேடியேற்றர் முழுக்க இழுக்காது, தனக்கு முன்னால இருக்கிற வட்டத்தை மட்டும்தான் இழுக்கும். மொத்தமான கோருக்குள்ளால இழுக்கிறதும் கஷ்டம். போதாததுக்கு ஃபானை எஞ்சினோட பிடிக்கிற கப்ளிங்குக்குள்ள இருக்கிற சிலிக்கன் எண்ணெய் வயசு போய் ஒழுகிட்டுது, சூடானா இறுக்கிப் பிடிக்க வேண்டியது வழுக்கிக்கொண்டு நிண்டது.

ரேடியேற்றர் வாயில விரலை விட்டு எடுத்தா கேத்தில் அடியில பிடிக்கிற மாதிரி வெள்ளைப் படை. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, நான் அதைத்தான் வாளியால அள்ளி ஊத்திக்கொண்டு இருந்தனான், அதுக்கு ஐயாட்ட வாங்கின பேச்சு கொஞ்சமில்லை. அசிட் விட்டுக் கழுவுவமோ எண்டு கேட்டன், எஞ்சின்ர ஹெட் அலுமினியம், தின்னும் எண்டு மறுத்திட்டார்.

இந்தக் காரில விசயம் என்னெண்டா 3 லீற்றர் வி6, பக்கத்துக்கு ஒண்டா ரெண்டு டர்போ, பொனற்றுக்குள்ள கைவிட இடமில்லை. நல்லா மிதிச்சா டர்போக்குள்ள போற புகையே 900 பாகை வரும். அதோட 35 பாகைக் காத்தை டர்போ 0.7 பார் அமுக்கத்துக்கு அமத்தினா அது 100 பாகைக்குக் கிட்ட ஏறும், அதை ஆத்தத்தான் பம்பர் மூலைக்கு ஒண்டா ரெண்டு இன்ரர்கூலர், ரெண்டிலயும் ஏ9 றோட்டுப் பூச்சியெல்லாம் அப்பிக் கிடந்தது. ஆறாத காத்து உள்ளுக்க போனா பெற்றோல் நேரம் தப்பி வெடிச்சு எஞ்சின் தட்டத் தொடங்கும், கொம்பியூட்டர் பொறி அடிக்கிற ரைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பவர் போயிடும். அத்தான் "முந்தின இழுவை இல்லை" எண்டு புலம்பினது இதுதான் போல.

என்ர படிப்பைக் காட்ட, புகாட்டி வேரோனில 4 டர்போவுக்கு 10 ரேடியேற்றர் ஐயா எண்டு சொன்னன். "பத்துக்குள்ளாலயும் காத்துப் போகோணுமே" எண்டு சொல்லிப்போட்டு வெத்திலையைத் துப்பினார்.

கோழிக்கூட்டுக்கு மேல கிடந்த பழைய ரேடியேற்றரைக் கொண்டுவரச் சொல்லி, கழுவி, பிரஷர் பாத்து அதையே போட்டார், கூட்டையும் பூட்டினார். நாலு ஓரத்து இடைவெளிக்கும் ரப்பர் பஞ்சு, அடியில இல்லாமப் போன பிளாஸ்ரிக் தட்டுக்குப் பதிலா அலுமினியத் தகட்டில ஒண்டு வெட்டினார், கப்ளிங்கும் தேர்மோஸ்ரற்றும் நான் வாங்கிக் குடுத்தன். கூலன்ற் பாதி, பற்றரிக்கு விடுற தண்ணி பாதி. மூடியையும் மாத்தச் சொன்னார், 0.9 பார் பிடிக்கிற மூடி எண்டா வெறும் தண்ணியே 118 பாகை மட்டும் கொதிக்காது, என்ர பழைய மூடியின்ர ரப்பர் அப்பளம் மாதிரி வெடிச்சிருந்தது. முடிய திருப்பி உதயன் தாள். வைச்ச உடன ஒட்டிக்கொண்டு விழவே மாட்டன் எண்டு நிண்டுது. கூலி 18,000 ரூபா, மொத்த ரேடியேற்றருக்குக் குடுத்ததோட பாத்தா ஒண்டுமில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூண்டு நாள் எண்டு சொல்லிப் பதினொரு நாள். இருக்கக் கதிரை இல்லை, பில் தரமாட்டார். இன்ரர்கூலரைக் கழுவிப் போட்டவர் ஒரு கிளிப்பை வடிவா இறுக்கேல்லை, நாவற்குழிப் பாலம் தாண்ட ஹோஸ் படாரெண்டு கழண்டு பறந்து எனக்கு உயிரே போட்டுது. திரும்பிப் போக, பெடியனைப் பேசிப்போட்டுத் தானே இறுக்கித் தந்தவர், காசு வாங்கேல்லை.

இப்ப மத்தியான வெயிலுக்க ஆனையிறவு போய் வர 88 பாகை, பஸ் ஸ்ராண்ட் நெரிசலுக்க ஏசியோட ஊர 96, அதுக்கு மேல ஏறேல்லை. டர்போ பிளாங்கெற்றைக் கழட்டேல்லை, பக்கத்து ஹோஸ் வேகாமல் காக்குது, ஆனா கொதிக்கு அது மருந்தில்லை. ஓடி வந்து நிப்பாட்ட முதல் ஒரு நிமிசம் சும்மா ஓட விடுறதும் ஐயா சொன்னதுதான், உடன நிப்பாட்டினா டர்போக்குள்ள நிக்கிற எண்ணெய் கருகிப்போம். முன்வீட்டு மாமா நான் கேற்றடியில நிண்டு ஷோ காட்டுறன் எண்டு நினைக்கிறார், நினைக்கட்டும்.

போறாக்கள் காலமை எட்டு மணிக்கு முன்னம் போங்கோ, லான்ட்மாஸ்ரர்காரர் வந்திட்டா உங்கட கார் பின்னுக்குத்தான். போன் எடுக்கமாட்டார். ஞாயிறு பூட்டு. கிணத்துத் தண்ணி விட்டனான் எண்டு மட்டும் வாயைத் திறந்து சொல்லாதேங்கோ.