டபுள் புரமோஷனா, ஒரே ஒரு பாடத்தில் தாவலா?

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இருபது வகுத்தல் கணக்குகளைப் பத்து நிமிடத்தில் முடித்து நோட்டை நீட்டினாள். ஆசிரியை பாராட்டிவிட்டு, அதே மாதிரி இன்னும் இருபது எழுதிக் கொடுத்தார். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். எல்லோரோடும் சேர்ந்துதான் முடித்தாள். நடுவில் பென்சிலைச் சீவிச் சீவி நேரத்தைக் கடத்தக் கற்றிருந்தாள்.

கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி என்று பல இடங்களில் நடப்பது இதுதான். கணக்கின் எண்ணிக்கை கூடுகிறது, ஆழம் கூடுவதில்லை. உருப்படியாகச் செய்ய, ஆசிரியருக்குப் பாடத்தில் பிடிப்பும் தனியாக உட்கார நேரமும் வேண்டும்.

ஒரு வகுப்பைத் தாண்டி அடுத்த வகுப்பில் போடும் டபுள் புரமோஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வேண்டாம் என்பவர்கள் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸைக் காட்டுவார்கள். 1909இல் பதினொரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்தவர், பிற்காலத்தில் சாதாரண எழுத்தர் வேலைகள் பார்த்துக்கொண்டு டிராம் டிக்கெட்டுகளைச் சேகரித்தார். ஒருவர் கதையை வைத்து எல்லோரையும் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், வயதை முந்திப் படித்தவர்கள் பொதுவாக நன்றாகவே இருக்கிறார்கள்.

என் குறை வேறு. கணக்கில் எட்டாம் வகுப்பு, கட்டுரையில் நான்காம் வகுப்பு என்றிருக்கும் பிள்ளையை ஆறாம் வகுப்பில் உட்காரவைத்தால், கணக்கில் அலுப்பு தீராது. கட்டுரையில் திணறல் புதிதாகச் சேரும்.

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: எந்தப் பாடத்தில் முந்துகிறதோ அதில் மட்டும் மேல் வகுப்பு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டெரன்ஸ் டாவோவுக்கு அப்படித்தான் செய்தார்கள். மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்து, இன்னும் பக்குவமில்லை என்று சில வாரங்களில் நிறுத்திவிட்டார்கள் பெற்றோர். அந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து வயதில் மறுபடி பள்ளி. ஏழு வயதுக்குப் பிறகு சில பாடங்களுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளி, ஒன்பது வயதில் பகுதி நேரமாகப் பல்கலைக்கழகக் கணிதம். 1988இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் தங்கம், 2006இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம்.

நம் பக்கத்தில் ராமானுஜன் இதற்கு நேர் எதிர். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதால் உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப் படிப்புக்கு முந்தைய அக்காலத் தேர்வான எஃப்.ஏ.வில் தேறவில்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே தராசில் நிறுத்ததன் விளைவு.

மூன்றாவது வழிக்குப் பெரிய இடைஞ்சல் கால அட்டவணைதான். நான்காம் வகுப்புக்குக் கணக்கு முதல் பீரியட், ஆறாம் வகுப்புக்கு மூன்றாவது என்றால், அந்த நான்காம் வகுப்புச் சிறுமி மாடிக்குக் கணக்குப் படிக்கப் போகும்போது கீழே தமிழ்ப் பாடம் போய்விடும். எல்லா வகுப்புக்கும் கணக்கை முதல் பீரியடில் வைத்தால் தீர்ந்தது. அதற்கு அந்த நேரத்தில் வகுப்புக்கொரு கணக்கு ஆசிரியர் வேண்டும். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளை ஓட்டும் பள்ளியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.