லைவ் என்று டிக்கெட் விற்றார்கள், ஓடியது லேப்டாப் பாட்டு

போன மாதம் கோவையில் நடந்த ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு 11,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துப் போய் ஏமாந்து வந்தேன். அதே குழு இன்னும் சில ஊர்களுக்குப் போகப்போவதாக போஸ்டர் வந்திருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழுவின் பெயரையும் நடத்தியவர்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வேலை நடக்கிறது, அது முடியட்டும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் கல்லூரியில் படித்தபோது இந்தக் குழுவின் பாட்டு அறிமுகம். காந்திபுரம் கிராஸ் கட் ரோட்டில் ஒரு கேசட் கடை இருந்தது. 90 நிமிட வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் மூன்று நாளில் பதிந்து கொடுப்பார்கள். அப்படிப் பதிந்த கேசட் ஒன்று நாடா இழுத்துக்கொண்டு அறுந்துபோய், நகப்பூச்சு வைத்து ஒட்டிக் கேட்டிருக்கிறேன். ஹாஸ்டல் அறையில் என்னோடு அதைக் கேட்டவன் இப்போது கோபியில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறான். நோம்பி, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுபவன். 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் என்ற ராக் குழு வாசித்தபோது இரண்டு பேரும் ராத்திரி பஸ் பிடித்துப் போனோம். மேடையில் மூன்று கிடார், மூன்றுமே காதில் தனித்தனியாக விழுந்தன. அந்த ராத்திரி இன்னும் எங்களுக்குள் இருக்கிறது.

அதனால்தான் இந்தக் குழு நம் ஊருக்கே வருகிறது என்று கேட்டதும் விலையைப் பார்க்கவில்லை. ஒரு டிக்கெட் 4,500. எனக்கும் என் மகளுக்குமாக 9,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி, அதற்கு மேல் ஆன்லைனில் பதிவு செய்வதற்கு ஒரு கட்டணம். மகள் கல்லூரியில் படிக்கிறாள், கிடார் வாசிப்பாள். அப்பா இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்ததை நேரில் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நண்பன் தனியாக ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டான்.

போஸ்டரில் ஐந்து முகம் இருந்தது. பழைய ஆல்பத்தில் வந்த அதே ஐந்து பேர். மேடைக்கு வந்தவர்களில் அந்த ஐந்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், பாடகரும் பேஸ் கிடார்காரரும். டிரம்ஸிலும் கிடாரிலும் முப்பது வயது பையன்கள். கீபோர்டு வாசிக்க ஆளே இல்லை. டிக்கெட்டின் கீழே பொடி எழுத்தில் ‘கலைஞர்கள் மாறுதலுக்கு உட்பட்டவர்கள்’ என்று ஒரு வரி இருப்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

முதல் மூன்று பாட்டு வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கண் கலங்கிப்போய் நின்றிருந்தேன். சத்தம் அப்படியே ஆல்பத்தில் கேட்ட மாதிரி இருந்தது. ஒரு பிசிறு இல்லை. பின்னால் பெரிய திரையில் படங்கள் பாட்டோடு வெட்டி ஒட்டினாற்போல மாறிக்கொண்டிருந்தன. நண்பன்தான் நாலாவது பாட்டில் என் தோளைத் தட்டினான்.

“மாப்ள, நாலு குரல் கேக்குது. மைக் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாரு.”

எண்ணினேன். இரண்டு. பாடகருக்கு ஒன்று, பேஸ்காரருக்கு ஒன்று. பேஸ்காரர் தன் மைக்கை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அப்புறம் கீபோர்டு சத்தம் வந்தது, வயலின் கூட்டம் வந்தது, வாசிக்க ஆள் இல்லை. பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி எங்களைப் பாடச் சொன்னார். ஸ்பீக்கரில் அவர் குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்கு எதுவுமே ஒட்டவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று நண்பன் சொன்னதை எழுதுகிறேன், தெரிந்துகொள்வது நல்லது. மேடை ஓரத்தில் ஒரு லேப்டாப் இருக்கும். அதில் பாட்டின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி டிராக்காக இருக்கும்: கோரஸ், கீபோர்டு, வயலின், சில நேரம் முன்குரலும், அதாவது பாடகரின் குரலும். கூடவே ஒரு ‘டிக், டிக்’ ஓடும். அதற்குக் கிளிக் என்று பெயர். அது டிரம்ஸ்காரர் காதில் மாட்டியிருக்கும் கருவிக்குப் போகும், நமக்குக் கேட்காது. அவர் அந்த டிக்குக்கு வாசித்தால் மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். லைட்டும் திரையில் ஓடும் படமும் அதே லேப்டாப்பின் நேரக் குறியீட்டுக்கு ஓடும். அதனால்தான் எல்லாம் அவ்வளவு கச்சிதமாக இருக்கும். அதே காரணத்தால், கூட்டம் உருகி நிற்கிறது, இன்னொரு சுற்று வாசிக்கலாம் என்று நினைத்தால் முடியாது.

ஆறாவதோ ஏழாவதோ பாட்டு. மழை தூற ஆரம்பித்திருந்தது. ஜெனரேட்டர் ஒரு நொடி தடுமாறியது. மேடையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கரண்ட் போய்விட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த படம் ஒரே இடத்தில் உறைந்து நின்றது. கோரஸ், வயலின், கீபோர்டு எல்லாம் கத்தரித்த மாதிரி நின்றுபோனது. ஸ்பீக்கரில் மிச்சம் இருந்தது ஒரு கிடார், ஒரு பேஸ், டிரம்ஸ், அப்புறம் ஒரு வயதானவரின் குரல். மெலிந்த குரல், மேல் சுரத்துக்குப் போகும்போது உடைந்தது. டிரம்ஸ் பையன் கிளிக் இல்லாமல் திணறி வேகத்தைக் குறைத்தான். பாடகர் திரும்பி அவனைப் பார்த்தார், கையால் தாளம் காட்டினார். எட்ட முடியாத இடத்தைக் கீழே இறக்கிப் பாடினார். பேஸ்காரர் ஓடி வந்து தன் மைக்கைப் பிடித்து, முதல்முறையாக, கூடப் பாடினார். கூட்டம் முழுக்க சேர்ந்து பாடியது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் இருக்கும். நான் கொடுத்த காசு அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். அது போல ஒன்றரை மணி நேரம் பாடியிருந்தால், எத்தனை சுரம் தப்பியிருந்தாலும், இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

கரண்ட் வந்தது. யாரோ லேப்டாப்பை மறுபடி ஓட்டினார்கள். அடுத்த பாட்டில் மறுபடி ஆல்பக் குரல், இருபத்தைந்து வயதுக்காரரின் குரல். மேடையில் நின்றவர் உதட்டை அசைத்தார். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. அவராலேயே பாட முடிகிறது என்று இப்போதுதானே கேட்டோம்.

முடிந்த பிறகு நண்பன் மேடைக்குப் பின்னால் போனான். சவுண்ட் சாமான் இறக்கியவர்களில் பெருந்துறைப் பக்கத்துப் பையன் ஒருவன் அவனுக்குத் தெரிந்தவன். “அது எல்லா ஊர்லயும் அப்படித்தானுங்ணா, முன்குரலே டிராக்ல இருக்குதுங்ணா. நாங்க மைக்க ஏத்தி எறக்கறதோட சரி” என்றானாம்.

அப்படியும் நம் பக்கம் தவறு இருக்கக் கூடாது என்று மகள் ஒரு வேலை செய்தாள். அவள் போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அதே பாட்டை அதே குழு இந்த வருடம் வேறு ஒரு நாட்டில் பாடியதை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். வேகம் ஒத்துப்போனது. அது குற்றமில்லை, கிளிக்குக்கு வாசித்தால் வேகம் ஒத்துப்போகத்தான் செய்யும். ஆனால் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்தது. கடைசியில் உணர்ச்சி வந்து கத்துவது போல ஒரு கத்தல் வரும், அதுவும் ஒரே நொடியில், ஒரே நீளத்தில். எந்த மனிதரும் இரண்டு ஊரில் இரண்டு நாளில் அப்படிக் கத்த முடியாது.

நடத்தியவர்களுக்கு மெயில் போட்டேன். முதலில் தானியங்கி பதில். ஒன்பது நாள் கழித்து ஒருவர் போனில் பேசினார். “சார், இப்போ உலகம் முழுக்க எல்லாருமே டிராக் வெச்சுத்தான் பண்றாங்க” என்றார். டிக்கெட் விற்ற தளத்தைக் கேட்டால், நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே என்கிறார்கள்.

உலகம் முழுக்க எல்லோரும் செய்கிறார்கள் என்று அவர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் அதற்கு இங்கே பதில் சொல்கிறேன். டிராக் வைப்பது புதிதில்லை, ஒத்துக்கொள்கிறேன். குவீன் குழு ‘போஹீமியன் ராப்சோடி’யின் நடுவில் வரும் ஓபரா பகுதியை மேடையில் பாட முடியாது என்று டேப்தான் போட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். டேப் ஓடுகிறது என்று கூட்டத்துக்குத் தெரியும். ஓடும் டேப்புக்கு முன்னால் நின்று வாயசைக்கவில்லை. மில்லி வனில்லி என்று ஒரு ஜோடி இருந்தது. 1989இல் அமெரிக்காவில் ஒரு மேடையில் டேப் சிக்கி ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. ஆல்பத்தில் பாடியதே அவர்கள் இல்லை என்று அடுத்த வருடம் வெளியே வந்து, வாங்கிய கிராமி விருதையே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அப்போது அதை மோசடி என்றுதான் சொன்னார்கள்.

வயதாகிவிட்டதே, என்ன செய்வார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ஜெனிசிஸ் குழுவின் கடைசிச் சுற்றுப்பயணம் 2022இல் லண்டனில் முடிந்தது. அதன் பாடகர் ஃபில் காலின்ஸால் நிற்க முடியவில்லை, டிரம்ஸ் வாசிக்கவும் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், டிரம்ஸில் அவர் மகன் நிக் உட்கார்ந்தார். குறைந்துபோன குரல்தான். ஆனால் எதையும் மறைக்கவில்லை, ரசிகர்கள் அதைக் கேட்கத்தான் போனார்கள். குரல் இறங்கிவிட்டால் பாட்டை அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கிப் பாடலாம், பல பழைய குழுக்கள் அப்படிச் செய்கின்றன. அவ்வளவு தூரம் எதற்கு, நம் பக்கத்தையே பாருங்கள். வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. நோம்பிக்கு ஜமாப் மேளம் அடிக்க வருகிறவர்கள் கை ஓய்ந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அடிக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் எழுந்து போவதில்லை.

பளபளப்பாக இருந்தால் ரசிகனுக்குத் திருப்தி வந்துவிடும் என்று இந்த நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் நினைக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர்களில் பல பேர் சந்தோஷமாகத்தான் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்தே போய் ரசிப்பது அவரவர் விருப்பம். என்னிடம் சொல்லாமல் விற்றதுதான் என் புகார். ‘முன்குரல் உட்படப் பதிவு செய்த ஒலி பயன்படுத்தப்படும்’ என்று ஒரு வரி போஸ்டரில் இருந்திருந்தால் நான் வீட்டில் கேசட்டே கேட்டிருப்பேன்.

இனி டிக்கெட் எடுப்பவர்கள் செய்ய வேண்டியது: போஸ்டரில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள். இந்தச் சுற்றுப்பயணத்தில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று நடத்துபவர்களிடம் மெயிலில் கேளுங்கள், பெயரோடு. போனில் கேட்டால் அதற்கு ஆதாரம் இருக்காது. ரசிகர்கள் போனில் எடுத்துப் போட்ட இந்த வருட வீடியோக்களைப் பாருங்கள், குழுவே வெளியிடும் வீடியோ வேண்டாம், அதில் ஒலியைச் சரிசெய்திருப்பார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு ஊர் வீடியோவை என் மகள் செய்த மாதிரி சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கோரஸ் கேட்கும்போது மைக்கை எண்ணுங்கள். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும், நான் அந்த அரை மணியைச் செலவு செய்யவில்லை.

இப்போது நிலைமை இதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அது சமரசம் பேசத்தான், தீர்ப்பு அங்கே கிடைக்காது. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கோவைக்குப் போக வேண்டியதில்லை. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், டிக்கெட்டையும் பணம் கட்டியதற்கு வந்த எஸ்எம்எஸ்ஸையும் அழிக்காதீர்கள். விளம்பரப் போஸ்டரை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதில் இருந்த ஐந்து முகம் போன வாரம் இரண்டாகிவிட்டது. கரண்ட் போன அந்த இரண்டு நிமிடத்தை யாராவது முழுசாக வீடியோ எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். மகள் எடுத்தது பாதியில் நின்றுவிட்டது. மனுவுக்கு அது வேண்டும், எனக்கும் வேண்டும்.