சாரம் கட்டித் தந்த ஏஜென்ட்: டர்பன் கோயில் இணையதளத்தில் 14 மாதங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் தொண்டு செய்யும் முருகன் கோயிலில் காவடிப் பதிவு, மண்டப முன்பதிவு, நன்கொடை ரசீது எல்லாமே செயலாளர் அம்மாவின் நோட்டுகளிலும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவிலும் நடந்துகொண்டிருந்தன. தைப்பூசம் நெருங்கினால் அவருடைய தொலைபேசி இரவு பத்து மணி வரை ஓயாது. உறுப்பினர்கள் தாங்களே பதிவு செய்து, ரசீதையும் எடுத்துக்கொள்ள ஒரு சுயசேவை இணையதளம் கட்ட விரும்பினேன். எனக்குக் கிடைப்பது சனிக்கிழமை மட்டும். அதனால் ஓர் ஏஐ ஏஜென்டின் துணையை நாடினேன்.

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில் இயங்கி, கோப்புகளைப் படித்துத் திருத்தி, கட்டளைகளை ஓட்டி, பிழை வந்தால் தானே சரிசெய்ய முயலும் வகை அது. 2004இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இணையதளக் கட்டமைப்பின் காலத்திலிருந்தே சாரம் கட்டும், அதாவது தளத்தின் அடிப்படை நிரலைத் தானே எழுதித் தரும் கட்டளைகள் உண்டு. ஆனால் அவை எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்தவை. ஏஜென்ட் நாம் சொல்வதைக் கேட்டுக் கட்டுகிறது. முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஜாங்கோ என்ற இணையதளக் கட்டமைப்பிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் உள்நுழைவு, உறுப்பினர் விவரம், மண்டப நாட்காட்டி, ரசீதுப் பட்டியல் எல்லாம் எழுந்து நின்றன. தனியாகச் செய்திருந்தால் எனக்கு ஒரு மாதச் சனிக்கிழமைகள் போயிருக்கும். அந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

உறுப்பினர்களுக்குத் திறந்துவிடுவதற்கு முந்தைய வாரம்தான் நெஞ்சு பதறியது. என் ரசீதுப் பக்க முகவரியின் கடைசியில் 41 என்று இருந்தது. அதை 42 என்று மாற்றிப் பார்த்தேன். வேறொரு குடும்பத்தின் பெயர், தொலைபேசி எண், கொடுத்த தொகை எல்லாம் திரையில் வந்தன. உள்நுழைந்தவரா என்று மட்டுமே ஏஜென்ட் சோதித்திருந்தது. அந்த ரசீது அவருடையதுதானா என்று சோதிக்கவில்லை. ஜாங்கோவின் உள்நுழைவுச் சோதனை அத்தோடு நின்றுவிடும், உரிமைச் சோதனையை நாம்தான் எழுத வேண்டும். இது அபூர்வமான தவறும் அல்ல. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாதுகாப்புக் குறை இந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறைதான். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு அமலில் இருக்கிறது. கோயில் என்பதால் சலுகை கிடையாது.

அன்றே, ஏஜென்ட் படித்து நடக்கும் அறிவுறுத்தல் கோப்பில் ஒரு விதி எழுதினேன்: எந்தப் பக்கம் கட்டினாலும், இன்னொரு உறுப்பினராக உள்நுழைந்து அதைத் திறக்க முயலும் சோதனையையும் சேர்த்தே எழுத வேண்டும். பெரும்பாலும் பின்பற்றுகிறது. உரையாடல் நீண்டுவிட்டால் விதி நழுவுகிறது. மூன்று முறை அப்படிப் பார்த்துவிட்டேன். ஆகவே ஒரு வேலைக்கு ஓர் உரையாடல், முடிந்ததும் மாற்றங்களை வரிவரியாகப் படித்துவிட்டு, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் சேர்ப்பது என்று பழகிக்கொண்டேன்.

கேட்காததையும் கட்டிவிடும். காவடிப் பதிவுப் படிவத்தில் 13 இலக்கத் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்ற கணக்கெல்லாம் பிசகாமல் இருந்தது. செயலாளர் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரு காலத்தில் அந்த எண்ணுக்குள் நம் இனத்தையே எழுதி வைத்திருந்தார்கள். முருகனுக்கு அது எதற்கு?” உடனே நீக்கினேன்.

பழைய எக்செல் பட்டியலை ஏற்றும்போது குடும்பப் பெயர், முதலெழுத்து, தொலைபேசி எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று முடிவு செய்துவிட்டது. டர்பனில் எத்தனை கோவெண்டர், எத்தனை நாயுடு! பேரனின் எண்ணையே பாட்டியும் கொடுத்திருப்பார். பல குடும்பங்களில் இருவர் ஒருவராகிப் போனார்கள். ஒத்திகைப் பிரதியில் ஓட்டிப் பார்த்ததால் தப்பித்தோம்.

தமிழில்தான் அதிகம் போராடினேன். இங்கே வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பங்களே மிகுதி. ஆனாலும் அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் தமிழில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள். பிடிஎஃபில் ‘கேட்டை’ என்ற நட்சத்திரத்தின் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. சரிசெய்துவிட்டதாக ஏஜென்ட் இரண்டு முறை சொன்னது. எழுத்துகள் கோப்பில் சரியான வரிசையில்தான் இருந்தன. பிடிஎஃப் உருவாக்கப் பயன்படுத்திய நிரல் நூலகத்துக்கு அவற்றை இடம்மாற்றி வரையத் தெரியவில்லை. திரையைப் படமெடுத்துக் காட்டிய பிறகு, பக்கத்தை பிரவுசரிலேயே வரைந்து பிடிஎஃபாக மாற்றும் வழிக்கு மாறியது. இப்போது எழுத்து அழகாக விழுகிறது.

மாதச் சந்தா டாலரில். எங்கள் நாணயமான ராண்ட் சரியும் மாதம் வலிக்கிறது. என்றாலும் நிறுத்தவில்லை. நிரல் எழுதத் தெரியாதவர், பக்கத்தில் படித்துப் பார்க்க ஆள் இல்லாமல், பிறருடைய விவரங்களை வைத்து இதைக் கொண்டு தளம் கட்ட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்து புரட்டாசி விரத மாதத்தில் மண்டப முன்பதிவை மூட வேண்டும். தேதிகளை ஏஜென்ட் தானே கணக்கிட முன்வந்தது; வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குருக்கள் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார், செயலாளர் அம்மா ஒவ்வோர் ஆண்டும் உள்ளிடுவார். அதற்கான படிவத்தை வரும் சனிக்கிழமை கட்டுகிறோம், வழக்கம்போல் கற்பனைப் பெயர்கள் மட்டுமே உள்ள பிரதியில்.