குட்டை மீனுக்குப் பூண்டா, மஞ்சளா, கடைச் சாறா?

எங்கள் வாழப்பாடிப் பக்கத்தில் பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள் நான்கு பேர் சந்தித்தால் இப்போதெல்லாம் இந்தப் பேச்சுதான்: நோய் வராமல் இருக்க மீன் தீவனத்தில் பூண்டு சேர்ப்பதா, மஞ்சள் சேர்ப்பதா, புட்டியில் விற்கும் மூலிகைச் சாற்றை வாங்கி ஊற்றுவதா? மூன்றையும் என் குட்டையில் கொடுத்துப் பார்த்துவிட்டு மஞ்சளில் நின்றுவிட்டேன். என்னுடையது கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை வகைகளும் கலந்த குட்டை. திலேப்பியா, விரால் வளர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் நம் நாட்டில் மீன் வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்டவை. கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே நிறுத்திவிட்டது. தண்ணீர் கெட்டுக் கிடந்தால் எந்த மூலிகையும் மீனைக் காப்பாற்றாது என்பதும் குட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பூண்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரோகுக்குத் தீவனத்தில் பூண்டு கொடுத்து நடத்திய ஆய்வில், உடலில் புண்ணை உண்டாக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா கிருமியைத் தாங்கிப் பிழைத்த மீன்கள் அதிகம். கிலோ தீவனத்துக்கு 10 கிராம் வரை சேர்ப்பது பரவலான அளவு. அதன் வாசனைக்கு மீன்கள் சீக்கிரம் கூடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பூண்டில் கிருமியை எதிர்க்கும் அல்லிசின் முழுப் பல்லில் கிடையாது. நசுக்கும்போது அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்த பிறகுதான் அது உருவாகும். நசுக்கிப் பத்து நிமிடமாவது ஆற விட வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் போட்டால் நொதி செயலிழந்துவிடும். உருவான அல்லிசினும் நெடுநேரம் நிற்காது. ஆக, தினமும் உரித்து, நசுக்கி, அந்தப் பத்து நிமிடம் கழிந்ததும் கொடுத்துவிட வேண்டும். நடவு, அறுவடை நாட்களில் இதற்கு ஆள் ஏது?

கடைச் சாற்றில் வேலை இல்லை, அளந்து ஊற்றினால் போதும். நான் வாங்கிய புட்டியில் மூலிகைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தனவே தவிர, எது எத்தனை சதவீதம் என்ற விவரம் இல்லை. அதை வைத்து அளவை எப்படி முடிவு செய்வது? சேர்மான அளவைத் தெளிவாக அச்சிட்டு விற்கும் புட்டி கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். நாம் கலக்கும் பொருள் மீனின் வாய்க்குப் போகும்வரை தீவனத்தில் ஒட்டி நிற்கிறதா?

மிதவைத் தீவனத்தைத் திலேப்பியா பாய்ந்து வந்து சில நிமிடங்களில் காலி செய்துவிடும். கெண்டைகள் அப்படியல்ல. தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து, துளையிட்ட சாக்குப்பையில் நிரப்பி, குச்சியில் கட்டித் தொங்கவிடுகிறோம். மீன்கள் வந்து முட்டி முட்டித் தின்று முடிக்க ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் தீவனம் தண்ணீரில் ஊறுகிறது. தண்ணீரில் கரையும் எதுவும் அதற்குள் குட்டையோடு போய்விடும். புட்டிச் சாறு நீர் சேர்ந்தது, பூண்டுச் சாறும் அப்படியே. மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. எண்ணெயில் கரையும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே அளவு தீவன உருண்டைகளைத் தனித்தனிக் கண்ணாடி டம்ளர்களில் குட்டைத் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். மஞ்சளை வெறும் தண்ணீரில் குழைத்துச் சேர்த்த உருண்டையிலிருந்து கொஞ்ச நேரத்தில் மஞ்சள் புகைபோலத் தூள் பிரிந்து அடியில் படியும். எண்ணெயில் குழைத்துக் கிழங்கு மாவுக் கஞ்சியில் பிசைந்த உருண்டையைச் சுற்றித் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பூண்டு போட்ட டம்ளரில் தண்ணீரே பூண்டு வாசனை அடிக்கும். இது ஆய்வகச் சோதனை இல்லை. எனக்கு இது போதுமாக இருந்தது.

கஞ்சிக்கு நமக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. சேலம், ஆத்தூர் வட்டாரம் முழுக்கக் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) சேகோ ஆலைகளும்தான். கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி ஆற வைக்கிறேன். கிலோ தீவனத்துக்கு 5 கிராம் மஞ்சள் தூளை, இளஞ்சூட்டில் இருக்கும் கடலை எண்ணெய் இரண்டு தேக்கரண்டியில் குழைத்து அரை மணி நேரம் வைக்கிறேன். அதைத் தவிட்டில் தேய்த்துப் பிறகு கஞ்சி ஊற்றிப் பிசைகிறேன். எண்ணெய் கூடினால் தண்ணீர் மேல் ஆடை படரும், அளவு மீற வேண்டாம். வெயிலில் குர்குமின் சிதையும் என்பதால் மஞ்சள் கலந்த தீவனத்தை நிழலில்தான் வைக்க வேண்டும். காரத்தன்மையிலும் அது சிதையும். பாசி பிடித்த குட்டையில் பிற்பகலில் தண்ணீரின் காரத்தன்மை (pH) ஏறிவிடும். அதனால் மஞ்சள் தீவனத்தை வெயில் ஏறித் தண்ணீரில் ஆக்சிஜன் திரும்பிய காலை வேளையில் கொடுக்கிறேன், மாலையில் வெறும் தீவனம்.

தூளாக வாங்காதீர்கள். நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த மஞ்சள் தூள் பிடிபட்டிருக்கிறது. அதிலிருப்பது ஈயம். மீனுக்கும் ஆகாது, மீனைத் தின்பவருக்கும் ஆகாது. சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் விரலி மஞ்சள் வாங்கி ஆலையில் அரைத்துக்கொள்கிறேன். காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வேலைப்பளு என்று பார்த்தால் பூண்டு இங்கேயும் தோற்கிறது.

மஞ்சளுக்கும் குறை உண்டு. தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதையும் உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. மிளகின் பைப்பரின் அந்த உறிஞ்சலைக் கூட்டும் என்பது மனிதர்களிடம் காட்டப்பட்டது. ஏற்காட்டு மிளகு கையெட்டும் தூரத்தில் இருப்பதால் சிட்டிகை சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். அதனால் பலன் கூடியது என்று இப்போதே சொல்லிவிட மாட்டேன். எடையைப் பற்றியும் அப்படித்தான். மார்கழிக் குளிரில் உடலில் புண்ணோடு ஒதுங்கும் மீன்கள் குறைந்தன என்று உறுதியாகச் சொல்வேன். மீன் கூடுதலாக வளர்ந்ததா என்று கேட்டால், பக்கத்தில் மஞ்சள் போடாத இன்னொரு குட்டை என்னிடம் இல்லை.

திலேப்பியாக்காரர்கள் பூண்டிலேயே தொடரலாம், அவை தின்னும் வேகத்தில் கரைந்துபோக நேரமில்லை. வேப்பெண்ணெயை மட்டும் யார் சொன்னாலும் கையளவாகத் தீவனத்தில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள, பூச்சியைக் கொல்லும் அசாடிராக்டின், அளவு மீறினால் மீனுக்கும் நஞ்சு.