ஏரிக்கரைக்கு எந்தப் பழைய டிரெய்லர்? போலர், ஷாஸ்டா, ஏர்ஸ்ட்ரீம்

காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்குகிற பழைய டிரெய்லர் ஒன்று வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் குளிர்காலம் முழுக்கப் பேச்சு. கனடாவின் ஒன்டாரியோவில் வளர்ந்த எனக்கு மூன்று வகையிலும் படுத்துத் தூங்கிய அனுபவம் உண்டு. அப்பா 1993-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 13 அடி போலர், சித்தப்பாவின் 16 அடி ஷாஸ்டா ஏர்ஃப்ளைட், அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவரின் 26 அடி ஏர்ஸ்ட்ரீம் ஓவர்லேண்டர். அழகை வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு வருகிறது, ஏரிக்கரையில் விடாமல் மழை பெய்கிற நாளை வைத்துப் பார்த்தால் வேறு முடிவு வருகிறது. நான் மழை நாளை வைத்தே பார்க்கிறேன்.

போலரில் தொடங்குகிறேன், அதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளை. வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 1968-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் அவர் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் செய்தவர். தொட்டியை அவ்வளவு லேசாக வார்க்க முடியுமானால் குடும்பத்தோடு தூங்கும் கூட்டையும் வார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று, இரண்டையும் இடுப்பில் சேர்த்து ஒட்டினால் டிரெய்லர். கூரையில் மூட்டே கிடையாது. பௌலர் என்கிற உருண்டைத் தொப்பி மாதிரி இருந்ததால் போலர் என்று பெயர். வெறும் வண்டி அரை டன் எடைகூட வராது.

அப்பா அதை இழுத்துக்கொண்டு அல்கொன்குவின் பூங்காவுக்குத்தான் முதலில் போனார். 60-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய டூ ரிவர்ஸ் ஏரி. பின்பக்கத்துச் சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தையைப் பரப்பினால் அப்பா அம்மாவுக்குப் படுக்கை. முன்பக்கத்துச் சோபாவின் சாய்மானத்தைத் தூக்கி மாட்டினால் இரண்டு அடுக்கு. ஊருக்குப் போகும்போது ரயிலில் சண்டை போடுவதைப் போலவே அங்கேயும் அப்பர் பெர்த்துக்குச் சண்டை. அக்காதான் ஜெயிப்பாள். கீழே படுத்த எனக்கு ஒரு சலுகை இருந்தது: தலைமாட்டு ஜன்னலைக் கால் பாகம் திறந்து வைத்தால் தண்ணீர் கரையில் தட்டும் சத்தமும், நடு இரவில் லூன் பறவை கூப்பிடுவதும் நேராகக் காதில் விழும். அந்தக் கூப்பாட்டை முதல் தடவை கேட்டபோது யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து அம்மாவை எழுப்பினேன்.

மழை வந்தால்தான் 13 அடி எவ்வளவு என்று தெரியும். ஒரு வருஷம் மூன்று நாள் விடாமல் பெய்தது. அம்மா காபி கலக்க எழுந்தால் நாங்கள் மூன்று பேரும் காலை மடக்க வேண்டும். அப்பா சட்டை மாற்றினால் யார் மூக்கிலாவது முழங்கை இடிக்கும். உள்ளேயே இட்லி அவித்தார் அம்மா. அரை மணி நேரத்தில் ஜன்னல், கூரை எல்லாம் வியர்த்து, நீர்முத்துகள் வளைவில் வழிந்து இறங்கி மெத்தையின் ஓரத்தை நனைத்துவிட்டன. நான்கு பேர் மூச்சுக்கே அந்தக் கூடு விடியும்போது ஈரமாகிவிடும், இட்லி ஆவியை எங்கே கொண்டுபோகும்? அதன் பிறகு அடுப்பு வெளியே போய்விட்டது. பார்க்கில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மரமேசை உண்டு. அதற்கு மேல் தார்ப்பாய் கட்டி, அம்மா அங்கே சமைத்தார். நாங்களும் அங்கேயே உட்கார்ந்து சீட்டு விளையாடினோம், ஏரியில் மழை விழுவதைப் பார்த்தோம். யோசித்துப் பார்த்தால் எங்கள் நினைவில் நிற்கிற காட்சிகளில் பாதி அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் நடந்தவை. போலரின் சிறிய வயிறு எங்களை வெளியே தள்ளியது, அதை நான் அதன் பலமாகவே கணக்கில் வைக்கிறேன்.

சித்தப்பாவின் ஷாஸ்டா வேறு ரகம். ராபர்ட் கிரே கலிஃபோர்னியாவில் 1941-ல் தொடங்கிய கம்பெனி அது. பின்பக்கம் இரண்டு சின்ன இறக்கைகள், பக்கவாட்டில் ஒரு வண்ணப் பட்டை. 2015-ல் 1961-ஆம் ஆண்டு மாடலை அப்படியே திரும்பச் செய்து, தொடங்கிய ஆண்டின் நினைவாக 1,941 வண்டிகள் விட்டார்கள் என்றால் அந்த வடிவத்துக்கு எவ்வளவு மயக்கம் இருக்கிறது பாருங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது உள்ளே. சுவர், கூரை, அலமாரி எல்லாம் தேன் நிறத்தில் பிர்ச் ப்ளைவுட். இரவில் கேஸ் விளக்கை ஏற்றினால் முழு அறையும் நெய்யில் வறுத்த ரவை நிறத்துக்கு மாறும். போன் எக்கோ பூங்காவில் மாசினா ஏரிக்கரையில் அந்த விளக்கு வெளிச்சத்தில், சித்தி புளியோதரை பரிமாற, எட்டுப் பேர் நெருக்கியடித்துச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அடுத்த நாள் படகில் போய் எதிர்க்கரையின் 100 மீட்டர் உயரப் பாறையை அண்ணாந்து பார்த்தோம். தண்ணீர் மட்டத்தை ஒட்டி அதில் பூர்வகுடிகள் செங்காவியில் வரைந்த 260-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். சித்தப்பா துடுப்பைத் தூக்கிவிட்டார், படகு தானாக மிதந்தது, யாரும் பேசவில்லை.

மழை நாளில் ஷாஸ்டா போலரைவிடச் சுகம். மூன்று அடி கூடுதல் நீளம், அதுபோக மரம் இருப்பதால் கூடு வியர்ப்பதும் குறைவு. ஆனால் அந்த மரமேதான் அதன் எமன். ஷாஸ்டா என்று இல்லை, அந்தக் காலத்து மரச்சட்ட டிரெய்லர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே குச்சிச் சட்டம், மூலைகளில் திருகிய பட்டை. பட்டைக்கு அடியில் இருக்கிற மக்குப் பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே எதுவும் தெரியாது. சட்டம் உளுத்த பிறகுதான் ப்ளைவுட்டில் காபி கொட்டினாற்போலக் கறை தெரியும். வாங்கப் போகிறவர்கள் ஜன்னலின் கீழ் மூலைகளிலும் படுக்கைக்கு அடியிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போனால், அப்புறம் நீங்கள் வாங்குவது டிரெய்லரை அல்ல, இரண்டு வருஷத் தச்சு வேலையை. அந்த வேலை பிடித்தவர்களுக்கு அது வரம். எனக்குக் கைவராது.

ஏர்ஸ்ட்ரீம் பற்றி எழுதும்போது கை தானாக மரியாதையோடு எழுதுகிறது. வாலி பையம் என்பவர் 1930-களில் ஆரம்பித்த அந்த வெள்ளி உருளை, ரிவெட் அடித்த அலுமினியம், விமான உடம்பு போல. 1969-ல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களை முதலில் அடைத்து வைத்த தனிமைக்கூண்டும் ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்ததுதான். மாமாவுடையது 1967 மாடல். பின்கோடியில் கழிப்பறை, குளியல், நிமிர்ந்து நடக்க இடம், மழை பெய்தால் அலுமினியத்தில் ஆயிரம் விரல்கள் தாளம் போடுகிற சத்தம். இரவு 2 மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டாம் என்பதை அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் சாமான் ஏற்றினால் அது 2 டன்னைத் தாண்டும். பெரிய பிக்கப்போ அதற்கு இணையான வண்டியோ வேண்டும், மின் பிரேக் கட்டுப்பாடு வேண்டும், பின்னால் நின்று கை காட்ட ஒரு ஆளும் வேண்டும். நாங்கள் போன ஒரே பயணத்தில் ஏரியைப் பார்த்த இடங்களில் அந்த நீளம் திரும்பவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே குறுகின இடங்கள் அவை. உள்பக்கம் தள்ளி நிறுத்தினோம், தண்ணீர் கண்ணில் படவில்லை. ஒரு வாரத்தில் பாதி நாள் உள்ளேயே இருந்தோம், ஏனென்றால் உள்ளே இருக்க முடிந்தது. பழைய ஏர்ஸ்ட்ரீம் வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதன் தரை ப்ளைவுட். பின்கோடியில் நீர் கசிந்து தரை உளுத்தால் உடம்பும் சட்டமும் அங்கே பிரிய ஆரம்பிக்கும். பின் பம்பரில் ஏறி நின்று மெல்லக் குதிக்கச் சொல்லிப் பாருங்கள். உடம்பு கூடவே அசையாமல் பம்பர் மட்டும் கீழே போனால் விலகிவிடுங்கள்.

கூரையைத் தூக்கும் துணி டிரெய்லர்களும் உண்டு. விலை குறைவு, காற்று நன்றாக வரும். ஆனால் ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை, கரடி நடமாடும் இடத்தில் துணிச்சுவர். எங்கள் பட்டியலில் அது முதல் வாரத்திலேயே போய்விட்டது.

போலரிலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஆக்ஸிலுக்குள் இருக்கிற ரப்பர் ஐம்பது வருஷத்தில் செத்திருக்கும். சக்கரம் வளைவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தால் அதுதான் அடையாளம், புது ஆக்ஸில் போட்டே ஆக வேண்டும். இரும்புச் சட்டம் முன்பக்கம் வளைகிற இடத்தில் விரிசல் விடும், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அலமாரியைத் தாங்கும் ரிவெட்டுகள் ஃபைபர்கிளாஸ் கூட்டைத் துளைத்து வெளியே வருகின்றன, ஒழுகினால் அங்கேதான் ஒழுகும். ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் தயாரித்த வாரத்தைச் சொல்லும், கடைசி இரண்டும் வருஷத்தைச் சொல்லும். ரப்பர் பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் வயதைப் பாருங்கள்.

ஆக, போலர்தான். ஒரு பண்ணை வீட்டில் கொட்டகைக்குள் நின்ற 1975 மாடலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆக்ஸில் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டார்கள். அம்மாவின் முழங்காலுக்காக ஒரு சின்னக் கையடக்கக் கழிப்பறை வாங்கி, மரமேசைக்குப் பக்கத்தில் தனிக் கூடாரத்தில் வைப்பது என்று ஏற்பாடு.

பூங்கா முன்பதிவு ஐந்து மாதம் முன்னால், காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை நடுவில் டூ ரிவர்ஸ் வேண்டுமென்றால் பிப்ரவரியில் கணினிக்கு முன்னால் உட்கார வேண்டும். "கழிப்பறைக்குப் பக்கத்துல போடுப்பா, கூடாரம்லாம் சரிப்படாது" என்கிறார் அம்மா. அப்பா வரைபடத்தைப் பெரிதாக்கி, தண்ணீரை ஒட்டின எண்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.