ஓணம் ஆஃபர் 55,000: தக்கலைக் குடும்பம் நம்பிப் போன கொட்டேஷன்

ஓணம் சமயத்தில் கேரள எல்லை தாண்டிப் போய் கார் புக் பண்ணலாம் என்று நினைக்கிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். தக்கலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கையில் 11,56,140 ரூபாய் கொட்டேஷனை வைத்துக்கொண்டு, கடைசியில் 12,69,460 ரூபாய் கட்டி வண்டி எடுத்தது. இடையில் ஏறிய 1,13,320 ரூபாயில் பெரும்பகுதி, சரியான நேரத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

நாலு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் எஸ்யூவி, 1,197 சிசி. எக்ஸ்-ஷோரூம் விலை (வரி, இன்சூரன்ஸ், பதிவு சேராத விலை) 9,88,000. நாகர்கோவில் பக்கம் ஒரு ஷோரூமில் ஆன்ரோடு, அதாவது எல்லாம் சேர்த்து, 11,79,040 சொன்னார்கள், தள்ளுபடி 10,000. திருவனந்தபுரம் பக்கம் ஒரு ஷோரூமில் "ஓணம் ஆஃபர் 55,000" என்று பெரிய எழுத்தில் போட்டு 11,56,140 சொன்னார்கள். 22,900 மிச்சம் என்று கணக்குப் போட்டு 50,000 அட்வான்ஸ் கட்டினார்கள். குடும்பம் பார்த்தது கடைசி வரியை மட்டும்தான். தள்ளுபடிக்கு முந்தைய கூட்டுத்தொகையை ஒப்பிட்டிருந்தால் நாகர்கோவிலில் 11,89,040, திருவனந்தபுரத்தில் 12,11,140 என்று தெரிந்திருக்கும். ஒரே வண்டி, ஒரே எக்ஸ்-ஷோரூம், ஒரே தமிழ்நாட்டு வரி. அப்புறம் எப்படி 22,100 கூடுதல்? இன்சூரன்ஸ், "லாஜிஸ்டிக்ஸ்", ஆக்சஸரி கிட், பதிவுச் செலவு என்று நாலு தலைப்புகளில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

அந்த 55,000-ஐப் பிரித்தால் கேஷ் டிஸ்கவுன்ட் 20,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000, கார்ப்பரேட் டிஸ்கவுன்ட் 10,000. குடும்பத் தலைவர் சொந்தமாகக் கடை நடத்துகிறவர், அதனால் கார்ப்பரேட் கிடைக்காது. பழைய காருக்கு ஊரில் 1,85,000 கேட்டிருந்தார்கள். ஷோரூமில் 1,45,000 மதிப்புப் போட்டார்கள். 25,000 போனஸ் வாங்க 40,000-ஐ விட வேண்டும், ஆகவே அதுவும் போயிற்று. மிஞ்சியது 20,000. இந்த விவரம் கொட்டேஷன் தாளின் அடியில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற ஒரே வரியில் அடங்கியிருந்தது. ஆஃபரை எப்போதும் மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: யார் வந்தாலும் கிடைப்பது எவ்வளவு, பழைய வண்டி கொடுத்தால் எவ்வளவு, வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்து எவ்வளவு. உங்களுக்குப் பொருந்தாததை அங்கேயே அடித்துவிட்டுக் கூட்டுங்கள்.

இதைவிடப் பெரிய அடி கலரில் விழுந்தது. அட்வான்ஸ் கட்டி ரெண்டு வாரம் கழித்து போன். "சேட்டா, வெள்ளை வர ஒண்ணரை மாசம் ஆகும். டூயல் டோன் ரெடியா நிக்குது, பதினாறாயிரம்தான் கூடுதல், ஓணத்துக்கு முன்னாடி வண்டி வீட்ல நிக்கும்." வீட்டில் எல்லாரும் சரி என்றார்கள். 9,88,000-உடன் 16,000 சேர்ந்து 10,04,000 ஆனது. பத்து லட்சக் கோட்டைத் தாண்டியதைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி விகிதத்தை மாற்றினார்கள். காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி கூடுதல் தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்ற கணக்கு இங்கே கிடையாது. ஒரு ரூபாய் தாண்டினாலும் முழு விலைக்கும் அடுத்த விகிதம்தான். 9,88,000-க்கு 13 சதவீதம் 1,28,440. 10,04,000-க்கு 18 சதவீதம் 1,80,720. வித்தியாசம் 52,280. அதோடு, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வாங்கிக் கட்டும் வருமான வரி), அதாவது 10,040. ஆக அந்த டூயல் டோனின் கறுப்புக் கூரைக்கு விலை 16,000 இல்லை, 78,320. கிடைக்காமல் போன ஆஃபர் 35,000-உம் இதுவும் சேர்ந்ததுதான் முதலில் சொன்ன 1,13,320. இதில் டிசிஎஸ் மட்டும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பியும் வரும். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மீதி 68,280 போனது போனதுதான். 9.5 லட்சம் முதல் 10.5 லட்சம் வரையுள்ள வண்டி பார்க்கிறவர்கள் வேரியன்ட், கலர், கியர்பாக்ஸ் எதை மாற்றினாலும் ஆன்ரோடு விலையை முழுசாக மறுபடி போடச் சொல்லுங்கள். "இவ்வளவுதான் கூடுதல்" என்ற வாய்க்கணக்கு இந்த இடத்தில் ஆளைக் கவிழ்க்கும்.

வரி விஷயத்தில் எல்லைப் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கேரளத்தின் விகித அடுக்கு வேறு. அங்கே கொட்டேஷன் போடும்போது அவர்கள் பழக்கத்துக்குக் கேரள வரியையே போட்டுத் தருவார்கள். நீங்கள் தற்காலிகப் பதிவில் வண்டியைக் கொண்டுவந்து மார்த்தாண்டம் டிஎன் 75-லோ நாகர்கோவில் டிஎன் 74-லோ பதிகிறவர் என்றால், தமிழ்நாட்டு வரியோடு கொட்டேஷன் வேண்டும், தற்காலிகப் பதிவுக் கட்டணம் தனித் தலைப்பாக வேண்டும். "பாறசாலையில சொந்தக்காரங்க இருந்தா கேஎல் நம்பரே போட்டுடலாம்" என்று யோசனை சொல்லும் ஆளை நம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 40-வது பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற, வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தில்தான் பதிய வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஓடினால் 47-வது பிரிவுப்படி இங்கே மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும். 2017-ல் புதுச்சேரி முகவரியில் பதிந்த சொகுசு கார்கள் விவகாரம் கேரளத்தில் வழக்கு வரைக்கும் போனது நினைவிருக்கும்.

இனி இன்சூரன்ஸ். ஷோரூமில் போட்டது 58,200. பேரத்துக்கு அதிக இடம் இருக்கிற தலைப்பு இதுதான், பெரும்பாலானோர் கைவைக்காத தலைப்பும் இதுதான். புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) கட்டாயம், இது 2018 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி மூன்று வருடத்துக்கு 1,000 சிசி வரை 6,521, 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இந்தத் தொகை மாறாது. மாறுவதெல்லாம் ஓன் டேமேஜும் (நம் வண்டிச் சேதத்துக்கானது) ஆட்-ஆன்களும்தான் (கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்புகள்). புது வண்டிக்கு ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) பொதுவாக எக்ஸ்-ஷோரூமில் 95 சதவீதம். அந்த ஐடிவி, ஸீரோ டெப்ரிசியேஷன், இன்ஜின் புரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஆகிய ஆட்-ஆன்கள், இதெல்லாம் ஒன்றுபோல் வைத்து வெளியே ரெண்டு கம்பெனியில் பிரீமியம் கேளுங்கள். ஐடிவியைக் குறைத்துக் குறைந்த பிரீமியம் காட்டுவதும் நடக்கிறது, அந்த எண்ணைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். மழைக்குத் தண்ணீர் நிற்கிற நம் ஊர்களில் இன்ஜின் புரொடெக்ட்டைக் கழற்றிவிட்டுக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய காரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாத வருடங்களுக்கான தள்ளுபடி) இருந்தால் பழைய கம்பெனியிடம் கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றலாம், ஓன் டேமேஜில் 50 சதவீதம் வரை குறையும். அந்தக் குடும்பத்திடம் போனஸ் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அது அப்படியே வீணானது.

"எங்க இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் டிஸ்கவுன்ட்" என்பார்கள். 2017 நவம்பரில் அமலுக்கு வந்த, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் வழிகாட்டுதல்படி டீலர் தன்னிடமே பாலிசி எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சண்டை போட வேண்டியதில்லை. வெளியே வாங்கிய கொட்டேஷனைக் காட்டி, "இந்த விலைக்கு நீங்க குடுத்தா உங்ககிட்டயே எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

லாஜிஸ்டிக்ஸ் 8,500. ஹேண்ட்லிங், டெப்போ, யார்டு என்று பெயர் மட்டும் மாறும். தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் அடங்கியது. இந்தத் தொகையை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் தனி ரசீது கேளுங்கள். ரசீது கேட்டதுமே பெரும்பாலும் அது காணாமல் போகும். பதிவுச் செலவு 9,500 என்றார்கள். காருக்குப் பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு 200, லோன் இருந்தால் ஹைப்பாதிகேஷன் (ஆர்சியில் கடன் பதிவு) 1,500, அதோடு சாலைப் பாதுகாப்பு வரி. மீதியெல்லாம் ஆள் கூலி. வாகன் என்ற அரசுப் பதிவு இணையதளத்தின் ரசீதை வாங்கிப் பாருங்கள், கட்டியது எவ்வளவு என்று பைசா சுத்தமாக இருக்கும். கிட் 17,900-க்கு மேட், மட் ஃப்ளாப், கவர், ஒரு கோட்டிங். கோட்டிங் வேண்டாம் என்று சொல்லலாம், மற்றதை மார்த்தாண்டத்தில் விலை விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

லோனையும் ஷோரூமிலேயே முடித்தார்கள். 8 லட்சம், 5 வருடம், "வட்டி வெறும் 5.5 சதவீதம்". அது ஃப்ளாட் வட்டி, அதாவது கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி. வருடம் 44,000 வீதம் 2,20,000 வட்டி, மாதத் தவணை 17,000. குறையும் நிலுவைக் கணக்கில் இது 10 சதவீத வட்டிக்குச் சமம். 9 சதவீதத்துக்குத் தருகிற வங்கியில் தவணை சுமார் 16,607, அஞ்சு வருடத்தில் 23,500-க்குக் கிட்ட மிச்சம். 2024 அக்டோபரிலிருந்து எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. செயலாக்கக் கட்டணம் உட்பட ஆண்டு வட்டி எவ்வளவு என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். ரெண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்து அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

கடைசியாக, வண்டி. ஓணத்துக்கு வந்த வண்டி போன வருடம் டிசம்பரில் தயாரானது. படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், ஆர்சியிலும் அதுவே ஏறும், நாளைக்கு விற்கப் போனால் அந்த வருடத்தை வைத்துத்தான் விலை. இந்த மாதிரி பழைய ஸ்டாக்குக்குக் கணிசமான தனித் தள்ளுபடி கேட்கலாம், அதை மறைத்து வழக்கமான விலைக்குத் தள்ளினார்கள். பணம் முழுவதும் கட்டும் முன்பே, பதிவுக்கு அனுப்பும் முன்பே, சேசிஸ் எண்ணை எழுதி வாங்குங்கள். 17 இலக்க எண்ணில் பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்து வருடத்தைச் சொல்லும்: R என்றால் 2024, S 2025, T 2026. யார்டுக்கே போய், பகல் வெளிச்சத்தில், அந்தச் சேசிஸ் எண் உள்ள வண்டியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 4824 என்றால் 2024-ன் 48-வது வாரம். அஞ்சு டயரும் பக்கத்துப் பக்கத்து வாரமாக இருக்க வேண்டும். பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டிய வண்டி. சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்பேர் வீல் குழியில் வண்டல், சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தால் அடியில் கறை இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் 2023 டிசம்பரில் நம் தென்மாவட்டங்களிலும் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பழைய காரை எந்த டீலரிடம் கொடுத்தாலும் படிவம் 29சி வழியாக ஆர்டிஓவுக்குத் தகவல் போனதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அனுமதி பெற்ற டீலருக்கு இந்த நடைமுறை வந்துவிட்டது. அது போகாவிட்டால் அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் பெயருக்கே வரும்.

இவ்வளவும் தெரிந்தபின் அந்தக் குடும்பம் ஏன் புக்கிங்கை ரத்து செய்யவில்லை என்று கேட்கலாம். அட்வான்ஸ் படிவத்தில் ரத்து செய்தால் பிடித்தம் எவ்வளவு என்ற இடம் காலியாக இருந்தது, கையெழுத்து மட்டும் இருந்தது. அந்த இடத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேரியன்ட், கலர், தயாரிப்பு மாதம், டெலிவரி தேதி, இதில் எது மாறினாலும் முழுப் பணம் திரும்ப என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸை ஷோரூம் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், விற்பனையாளரின் சொந்த ஜிபேக்கு வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கொட்டேஷன், புக்கிங் ரசீது, இன்வாய்ஸ், பாலிசி, வாகன் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் ஷோரூமுக்கும் கார் கம்பெனிக்கும் மின்னஞ்சல், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண். இன்சூரன்ஸ் கட்டாயப்படுத்தல் என்றால் ஐஆர்டிஏஐயின் 155255. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டி வாங்கியது திருவனந்தபுரமாக இருந்தாலும் குமரி மாவட்டத்துக்காரர் நாகர்கோவிலில் போடலாம், ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.