ஓராண்டில் முழு வேதாகமமா, ஒரு மாதம் ஒரே நிருபமா?

டிசம்பர் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சபையில் ஆளுக்கொரு வேத வாசிப்புத் தாள் கொடுப்பார்கள். ஆதியாகமம் 1 முதல் வெளிப்படுத்தின விசேஷம் 22 வரை, 365 கட்டங்கள். அந்தத் தாளை வைத்து மூன்று வருடம் தொடங்கி மூன்று வருடமும் பிப்ரவரியோடு நின்றேன். நான்காம் வருடம் விடாப்பிடியாக முடித்தேன். அந்த டிசம்பரில் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஓர் ஆன்ட்டி, "இந்த வருஷம் வேதத்துல ஆண்டவர் உனக்கு என்ன காட்டினாரு தம்பி?" என்று அன்போடு கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. 1189 அதிகாரம் படித்திருந்தேன். ஒரு வசனம்கூட மனதில் தங்கியிருக்கவில்லை.

அடுத்த வருடம் வேறு வழியில் போனேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓராண்டுத் திட்டம். பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரம், புதிய ஏற்பாட்டில் 260. நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வருகிறது. நிதானமாகப் படித்தாலும் அரை மணிக்குள் முடியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று நேர்வரிசையில் போனால் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமத்துக்கு வந்துவிடுவோம். பலிகளின் சட்டங்கள் தொடங்குகிற அந்த நேரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் சீனப் பெருநாள் விடுமுறையும் வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் நான்கு நாள் விட்டால், 13 அதிகாரம் பாக்கி. பாக்கி ஏற ஏற, வேதத்தைத் திறக்கவே மனம் கூசும். ஸ்காட்லாந்துப் போதகர் மெக்செயின் 1842இல் தம் சபைக்கு வகுத்த அட்டவணை இதற்குக் கொஞ்சம் மேல். அதில் நாளுக்கு நான்கு அதிகாரம், நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து. புதிய ஏற்பாடும் சங்கீதமும் வருடத்தில் இரண்டு தடவை வரும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அளவு இன்னும் கூடுகிறது.

இருந்தாலும் முழு வாசிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லேவியராகமம் 16இல் பாவநிவிர்த்தி நாளைப் படிக்காதவருக்கு, அந்த நாளை இயேசுவின் மரணத்தோடு ஒப்பிடும் எபிரெயர் 9 பாதிதான் புரியும். எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அந்த ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்தது. பிரசங்கம் கேட்கும்போது இன்றும் அது உதவுகிறது.

இப்போது இரண்டாவது வழி. பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபம் 4 அதிகாரம், 104 வசனம். வாய்விட்டுப் படித்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். அதையே ஒரு மாதம், தினமும், முதலிலிருந்து கடைசி வரை. பள்ளிவாசலில் விடியற்காலைத் தொழுகைக்கான சுபு பாங்கு கேட்கும்போது எழுந்து, வரக்கோப்பி கலக்கிக்கொண்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் சலிப்பு வந்தது. எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

மூன்றாம் வாரம் ஒரு சொல் கண்ணில் பட்டது. நாலாம் அதிகாரம் 2ஆம் வசனத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பவுல் "ஒரே சிந்தையாயிருக்க" கேட்டுக்கொள்கிறார். சபையில் அவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல். இந்தச் "சிந்தை"யை முன்னாலும் பார்த்தோமே என்று பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாம் அதிகாரம் 5ஆம் வசனம் (2:5), "கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது." இயேசு தம்மைத் தாழ்த்தி, சிலுவை மரணம் வரை கீழ்ப்படிந்தார் என்ற அந்தப் பெரிய பகுதியை நான் எப்போதும் பெரிய வெள்ளிக்கு உரியதாக மட்டும் வாசித்து வந்தேன். மனம் ஒத்துப்போகாத அந்த இரண்டு பெண்களின் காதிலும் அது விழ வேண்டியிருந்தது. அன்று எங்கள் சபையில் நான் ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத ஒருவரின் நினைவு வந்து, கோப்பி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு அவரிடம் போய்ப் பேசினேன்.

ஓராண்டுத் திட்டத்தில் பிலிப்பியர் ஒன்றேகால் நாளில் கடந்து போய்விடும். இந்த இரண்டு இடங்களும் ஒன்றையொன்று தொட நேரமே கிடைக்காது.

காதால் கேட்கும் வேதாகமம் போதாதா என்றும் சிலர் என்னிடம் கேட்டார்கள். செந்தூல் திமோரிலிருந்து மஸ்ஜிட் ஜாமெக் வரை எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே பிலிப்பியரைப் பெரும்பகுதி கேட்டுவிடலாம். மற்ற வாசிப்புக்குத் துணையாக நல்லது. அது மட்டும் போதாது. காது திரும்பிப் பார்க்காது. கத்தோலிக்க நண்பர்களின் அன்றாடத் திருப்பலி வாசகங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: எதைப் படிப்பது என்று அவரவர் தேர்ந்தெடுப்பதில்லை, திருச்சபை முழுவதும் ஒரே பகுதியைப் படிக்கிறது. தனியாகப் படித்துத் தளர்ந்தவர்களுக்கு அது பெரிய ஆதரவு.

மொழிபெயர்ப்புப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் புழங்கும் பழைய திருப்புதல் 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழி வந்தது. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு அதன் தமிழ் கடினம். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில், பிலிப்பியர் 2:5இல் "சிந்தை" இருக்கும் இடத்தில் "மனநிலை" என்று வரும், சட்டென்று புரியும். பிள்ளைகள் அதில் தொடங்கட்டும். ஆனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிகாரம் அதிகாரமாகப் போக எனக்குப் பழைய திருப்புதல்தான் கைகொடுத்தது.

ஆகவே என்னைக் கேட்டால், வாசிப்புப் பழக்கமே இல்லாதவர் சின்ன நிருபம் ஒன்றில் தொடங்குவதே சரி. ஜனவரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்படி நாலைந்து புத்தகங்கள் முடித்தபின் ஓராண்டுத் திட்டத்துக்குப் போங்கள். அப்போது லேவியராகமத்திலும் நிற்கப் பழகியிருப்பீர்கள். ஏற்கெனவே வருடாவருடம் முடிக்கிறவர்கள் இந்த ஒரு வருடம் தாளை எடுக்காமல் இருந்து பாருங்கள்.

வருகிற வெள்ளி எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ரூத் தொடங்குகிறோம். 4 அதிகாரம், 85 வசனம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற இரண்டு இளைஞர்களும் வருகிறார்கள். அவர்களும் ஆளுக்கொரு அதிகாரம் படிப்பார்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. முதல் வாரம் விளக்கம் எதுவும் கிடையாது. வாசிப்பு மட்டும்.